பாட்டியை முனி அடிக்கவில்லை

மாங்காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு மே மாதம். காவேரிப்பட்டணம் பக்கமிருந்து எழுபதைத் தாண்டிய பாட்டியை மகன் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். நான்கு நாளாக ஆளே மாறிவிட்டாராம். பேரனைப் பார்த்து "நீ யாரு சாமி?" என்கிறார். நடுராத்திரி எழுந்து மாட்டைத் தேடுகிறார். அந்த மாட்டை விற்றுப் பத்து வருடம் ஆகிறது. கையில் புதிதாக மந்திரித்த கயிறு. தோப்பில் முனி அடித்திருக்கும் என்று ஊரில் பேச்சு.

நான் மாத்திரை அட்டையைக் கேட்டேன். மூன்று வாரம் முன்புதான் பிரஷருக்கு நீர் மாத்திரை சேர்த்திருக்கிறார்கள், தயாசைடு வகை. அது சிறுநீரோடு உப்பில் உள்ள சோடியத்தையும் வெளியேற்றும். பிரஷருக்கு உப்பே ஆகாது என்று களிக்கு உப்பில்லாத குழம்பு, வெயிலுக்குச் செம்பு செம்பாகப் பச்சைத்தண்ணீர். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் குறையக் கூடாது. பாட்டிக்கு 118. அந்த அளவுக்கு இறங்கினால் மூளை செல்களில் நீர் ஏறி வீங்கும், புத்தி தடுமாறும். மாத்திரையை நிறுத்தி, படுக்கையில் சேர்த்து, சோடியத்தை மெதுவாக ஏற்றினோம். அவசரப்பட்டு ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆபத்து. ஐந்தாம் நாள் பேரனைப் பெயர் சொல்லித் திட்டினார்.

ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு வேறு மாதிரி. தினமும் கெட்ட கனவு, தூங்கவே பயம். அவர் போட்டது ப்ரோப்ரனலால் என்ற பிரஷர் மாத்திரை. கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் மூளைக்குள் எளிதில் போய்விடும். மாற்றிக் கொடுத்ததும் கனவு நின்றது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்கள் இருப்பார்கள், எனக்குத் தெரியும். வேண்டாம். ப்ரோப்ரனலால், அட்டினலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். இதயநோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். கட்டுப்படாத பிரஷரும் மூளையைக் கெடுக்கும். மேல் அளவை 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு லேசான மறதிக் கோளாறு குறைவாக வந்ததாக 2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு சொன்னது. மாற்ற வேண்டியது மாத்திரையின் வகையை, அதுவும் டாக்டரைக் கேட்டு.

2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். புது மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பெரியவர்கள் மந்தமானாலோ, உளறினாலோ, எழும்போது தள்ளாடினாலோ, கொடுக்க வரும் தன்னார்வலரிடமே சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், மூட்டுவலிக்கு வாங்கியதையும் சேர்த்து.

பாட்டி இப்போதும் வருகிறார். அட்டையை நீட்டினால் முதலில் கேட்பது: "இது அந்த மூத்திர மாத்திரை இல்லியே?"