அடைப்பை உள்ளிருந்து இழுக்கும் கை

ஆக்சிஜன் கலந்த நீரில் இரும்பு துருவாகிப் படிந்துவிடும். நம் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துவைத்திருப்பதால், கட்டற்ற இரும்பின் செறிவு சுமார் 10⁻²⁴ மோலார்தான். லிட்டருக்கு ஓர் அணுகூடத் தேறாது. ஆனாலும் இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியாக்களால் வளர முடியாது.

அதனால் அவை சிடெரோஃபோர் எனப்படும் சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்புகின்றன. இவை இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பும். திரும்பும் இடத்தில்தான் சிக்கல். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் உள்ள ‘போரின்’ (porin) என்ற புரதத் துளைகள் ஏறத்தாழ 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) உட்பட்டவற்றையே விடும், ஈ.கோலையின் சிடெரோஃபோரான என்டெரோபாக்டின் இரும்போடு சேர்ந்தால் 700ஐத் தாண்டிவிடும். துளையைப் பெரிதாக்கினால் நஞ்சுகளும் நுழைந்துவிடும். ஆகவே இரும்புக்கென்றே தனி ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன.

அவற்றின் வடிவம் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியாக முதலில் தெரிந்தது 1998இல். அன்று கண்ட ஏற்பியின் பெயர் எஃப்எச்யுஏ. அது ஃபெரிக்ரோம் என்ற சிடெரோஃபோரை உள்ளே எடுப்பது. ஃபெரிக்ரோமைத் தயாரிப்பவை பூஞ்சைகள், ஈ.கோலைக்கு அதைத் தயாரிக்கத் தெரியாது, அபகரிக்கத் தெரியும். அடுத்த ஆண்டே என்டெரோபாக்டினுக்கான எஃப்இபிஏவின் வடிவமும் வந்தது. இரண்டிலும் ஒரே அமைப்பு: 22 பீட்டா இழைகள் (புரதச் சங்கிலியின் நீண்டு விரிந்த பகுதிகள்) வளைந்து சேர்ந்து சவ்வைத் துளைக்கும் ஒரு பீப்பாய். வெளிப்புறம் 11 நீண்ட வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன; சிடெரோஃபோரை இனங்கண்டு பிடிப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு.

எதிர்பாராதது பீப்பாயின் உள்ளே இருந்தது. புரதச் சங்கிலியின் முதல் 150 சொச்சம் அமினோ அமிலங்கள் மடிந்து, பாட்டிலில் செருகிய தக்கைபோல அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருந்தன. சிடெரோஃபோர் வந்து அமர்ந்த பிறகும் அடைப்பு விலகவில்லை! எஃப்எச்யுஏவில் நடந்தது இவ்வளவுதான்: அடைப்பின் மறுமுனையில், உட்புறம் நோக்கியிருந்த ஒரு சிறு சுருள் அவிழ்ந்தது. வெளியே சரக்கு வந்திருக்கிறது என்ற செய்தி அப்படித்தான் உள்ளே போகிறது.

அடைப்பை விலக்க ஆற்றல் வேண்டும். வெளிச்சவ்வுப் பக்கம், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி கிடையாது. சிறு அயனிகள் போரின்கள் வழியே தாராளமாகப் போய்வருவதால், அங்கே அயனிச் சரிவும் (சவ்வின் இருபுறமும் அயனிச் செறிவில் உள்ள வேறுபாடு) நிலைக்காது. ஆற்றல் உட்சவ்விலிருந்துதான் வர வேண்டும். அங்கே எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி என்ற புரதங்கள் புரோட்டான் சரிவைப் பயன்படுத்தி, டான்பி என்ற நீண்ட புரதத்தை இயக்குகின்றன. அது இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்து, ஏற்பியின் வால்போன்ற ஒரு சிறு பகுதியைப் பிடிக்கிறது. 2006இல் வெளியான படிக அமைப்புகளில் அந்தப் பிடி தெளிவாகத் தெரிந்தது: ஏற்பியின் வால், டான்பியின் பீட்டா தாளில் (அருகருகே அடுக்கிய பீட்டா இழைகள்) கூடுதலாக ஓர் இழையாகச் சேர்ந்திருந்தது.

வலுவான வேதிப் பிணைப்பு எதுவுமில்லாத இந்தப் பிடி இழுவையைத் தாங்குமா? பி12 வைட்டமினை இதே முறையில் எடுக்கும் பிடியுபி ஏற்பியை ஒற்றை மூலக்கூறு அளவில் இழுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. பிடி விடுபடும் முன்பே அடைப்பின் ஒரு பகுதி குலைந்து, சரக்கு நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. முழு அடைப்பும் வெளியே வந்தாக வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் உயிருள்ள செல்லில் டான்பி எப்படி இழுக்கிறது, நேராகவா திருகியா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை.

இந்த வாசலை வேறு பலரும் கண்டுகொண்டிருக்கிறார்கள். டி1, டி5 வைரஸ்கள் ஈ.கோலையைத் தாக்க எஃப்எச்யுஏவைத்தான் பற்றுகின்றன. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாட்டிக், சிடெரோஃபோர் போன்ற ஒரு பகுதியைச் சுமந்து, இரும்பைப் பிடித்துக்கொண்டு இத்தகைய ஏற்பிகள் வழியே நுழைகிறது. மருந்துக்கு மசியாத சில பாக்டீரியாக்களில் இந்த ஏற்பிகளின் மரபணுக்கள் பழுதடைந்திருந்தன. ஒரு வாசல் போனாலும் அவை பட்டினி கிடப்பதில்லை. பல பாக்டீரியாக்கள் வெவ்வேறு சிடெரோஃபோர்களுக்கென ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பிகளை வைத்திருக்கின்றன.