பால்வாடியில் கூடும் நாள்கள்: யார் போகலாம், என்ன நடக்கும்?

மதுரைப் பக்கம் இன்னும் பலருக்கு அது பால்வாடிதான். சத்துமாவு பாக்கெட்டை வாங்கினோமா, வந்தோமா என்று இருந்துவிடுகிறோம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நடக்கும் அங்கன்வாடி அது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் உரியது. கட்டணம் கிடையாது.

2018-இல் வந்த போஷன் அபியான் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டம் இன்னொன்றையும் சேர்த்தது: மாதம் 2 முறை மையத்தில் குடும்பங்கள் கூடும் நிகழ்ச்சி. ஒரு முறை கர்ப்பிணிக்குச் சிறு விழா, இன்னொரு முறை 6 மாதம் முடிந்த பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவது என்று இருக்கும். தகப்பன்மாருக்கென்றே ஒரு நாளும் அதில் உண்டு. போகாமல் விடுவது இதைத்தான்.

சமுதாய வளைகாப்பு தனி. இதைத் தமிழக அரசு நடத்துகிறது. மேலூர், உசிலம்பட்டி, செல்லம்பட்டி என்று வட்டாரவாரியாக ஒரு மண்டபத்தில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, வளையல் போட்டு, சீர் கொடுத்து, கலவை சாதம் பரிமாறுவார்கள். காதல் கல்யாணம் செய்து இரண்டு வீட்டோடும் பேச்சு இல்லாத பெண்ணுக்கு, வேலைக்காக வெளியூரிலிருந்து ஒத்தக்கடைப் பக்கம் குடிவந்த பெண்ணுக்கு, அன்றைக்குக் கிடைக்கும் சொந்தம் சின்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரும் அதே மாதக் கர்ப்பிணி. நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் ராத்திரியில் பிள்ளை விடாமல் அழுதால் கேட்க ஓர் ஆள் இருக்கிறது. எந்தச் சாதி, எந்தத் தெரு என்று அந்த வரிசையில் பிரிப்பதில்லை. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

பண விஷயத்திலும் இப்படிக் கிடைக்கும் அறிமுகம் உதவும். கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குப் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண், வேண்டும் என்பதை முதல் பிரசவக்காரிக்கு அடுத்த வீட்டுக்காரிதான் சொல்கிறாள். அந்த எண்ணுக்குக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும்.

சரி, எப்படிச் சேர்வது? கர்ப்பம் உறுதியானதும் ஆதார் அட்டையோடு அருகிலுள்ள மையத்துக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். போகும் முன் டீச்சரிடம் சொல்லிவிட்டால் பதிவை அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சமுதாய வளைகாப்புக்கு எல்லாரையும் ஒரே நாளில் அழைக்க முடியாது, அதனால் உங்கள் வட்டாரத்தில் எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போன பிறகு இதேபோலப் பெற்றோர் கூடப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்.

மையத்தில் கூட்டம் என்று சொன்னால் கணவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். வாசலில் வண்டியோடு நிற்க வைக்க வேண்டாம்.