ஸ்பூலர்: அச்சுத்தேக்கி

கடையின் பில் மென்பொருளுக்காகப் புதிய அச்சுப்பொறியைச் சேர்க்க முயலும்போது, ‘லோக்கல் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸ் இயங்கவில்லை’ என்று விண்டோஸ் சில வேளைகளில் மறுத்துவிடும். இத்தொடரில் மற்றச் சொற்களை ஒருவாறு ஊகித்துவிடுகிற பலரும் ‘ஸ்பூலர்’ என்பதில் தடுக்கி நின்று, கோளாறு மென்பொருளில்தான் என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

ஸ்பூல் என்பது நெசவாளர் சொல். நூல் சுற்றும் குழலைக் குறித்த அது, இடைக்கால ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது; நம் தறிகளில் ஊடுநூலைக் கொண்டு செல்லும் நாடாவுக்குள் பொருத்தும் ‘தார்’ அதற்கு நெருங்கிய பொருள். காந்த நாடா சுற்றிய வட்டுக்கும் பின்னாளில் அப்பெயரே வழங்கிற்று. 1959இல் ஐபிஎம் வெளியிட்ட 1403 அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அச்சிட்டது. அன்று அது வியக்கத்தக்க வேகம்; ஆனாலும் கணக்கிடும் பொறியின் வேகத்துக்கு ஈடாகவில்லை. ஆகவே அச்சிட வேண்டியதை நாடாவில் எழுதி வைத்துவிட்டுப் பெரிய கணிப்பொறி அடுத்த கணக்கைத் தொடங்க, நாடாவிலிருந்து தாளுக்கு மாற்றும் வேலை தனியே நடந்தது. ஸ்பூல் என்பது ‘சைமல்டேனியஸ் பெரிஃபெரல் ஆப்பரேஷன்ஸ் ஆன்லைன்’ (துணைக் கருவிகளின் வேலையை நேரிணைப்பில் உடனுக்குடன் நடத்துதல்) என்பதன் சுருக்கம் என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. பழைய சொல்லுக்குப் பிற்பாடு தைத்த சட்டையாகவே அவ்விரிவு எனக்குப் படுகிறது.

இன்று நாடாவின் இடத்தில் வன்தட்டு இருக்கிறது. பில் மென்பொருள் அனுப்பும் ஒவ்வோர் அச்சுப்பணியையும் ஸ்பூலர் வாங்கி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையிலுள்ள ‘ஸ்பூல்’ என்பதற்குள் ‘பிரிண்டர்ஸ்’ என்னும் இடத்தில் கோப்பாக வைத்து, அச்சுப்பொறி ஏற்கும் அளவுக்கு விடுவிக்கிறது. மென்பொருள் தன் கடமை முடிந்ததென்று கருதிய பின்பும் தாள் வராமல் இருக்க இதுவே காரணம்: சிதைந்த ஒரே ஒரு பணி முன்னால் நின்றால் பின்னுள்ளவை அனைத்தும் நிற்கும். பின்னணியில் இயங்கும் நிரல்களைக் காட்டும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அக்கோப்புறையிலுள்ள கோப்புகளை மட்டும் நீக்கி, மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் வழி திறக்கும். நிறுத்தாமல் நீக்க முயன்றால், கோப்பு பயன்பாட்டில் உள்ளதென்று கணினி தடுக்கக்கூடும். நின்றுபோன அச்சுகளை மீண்டும் மென்பொருளிலிருந்தே கொடுக்க வேண்டும். ஸ்பூலரே நின்றிருந்தால், யுஎஸ்பி வடத்தில் இணைந்த அச்சுப்பொறியைக்கூட மென்பொருளால் காண இயலாது.

தமிழில் ‘சுருளி’ என்றால் வேர்ப்பொருள் நிற்கும், வேலை விளங்காது. ‘அச்சு வரிசை’ என்பதோ காத்திருக்கும் பணிகளின் பட்டியலையே குறிக்கும், அதை நடத்தும் நிரலை அன்று. விரைந்து வருவதை வாங்கி வைத்து அளவாக விடுவதால் ‘அச்சுத்தேக்கி’ என்பதே பொருத்தம் என்பேன். ஸ்பூலர் ஒழுங்காக இயங்கும்போது பணிகளைத் தேக்குகிறது. பழுதானால் பணிகள் தேங்குகின்றன என்று, ஒரே வேரிலிருந்து இரு நிலைகளையும் சொல்லிவிடலாம்.