அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

போன மாதம் சாலிகிராமத்தில் ஒரு காய்கறிக் கடை. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் "கொத்தமல்லி ஒரு கட்டு போடுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான், என் ஏழு வயது மகள் சட்டென்று நிமிர்ந்து, அந்த அம்மாவைத் தாண்டி அவருக்குப் பின்னால் யாரையோ தேட ஆரம்பித்தாள். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் கத்திக்கொண்டிருக்கும் ஒரு கார்ட்டூன் பையனின் குரல் அது, கொஞ்சம் கனம் கூடியிருந்தாலும் அதேதான். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆமாங்க, நான்தான் பேசறேன்" என்று சிரித்தார். வருடக் கணக்காக அங்கேயே காய் வாங்குகிறாராம், கடைக்காரருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரல் தெரிகிறது, ஆள் கண்ணெதிரே நிற்கிறார், ஆனாலும் குழந்தை வேறு எங்கேயோ தேடுகிறாள். ஏன்?

முதலில் அந்தக் குரல் எப்படிப் பையன் குரல் ஆகிறது என்று பார்ப்போம். நுரையீரலில் இருந்து வரும் காற்று, குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சின்ன மடிப்புகளை அதிரவைக்கிறது. குரல் நாண் என்று சொன்னாலும் அது வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியது இல்லை, ஈரமான சதை. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை, சின்னக் குழந்தைகளுக்கு 300ஐ ஒட்டி அதிரும். ஆனால் அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். அதற்குக் குணம் கொடுப்பது மேலே உள்ள குழாய், அதாவது தொண்டையும் வாயும் மூக்கும். ஆண்களுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 17 செ.மீ. நீளம், பெண்களுக்கு இரண்டு மூன்று செ.மீ. குறைவு, குழந்தைகளுக்கு இன்னும் குட்டை. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிரம்ப நிரம்பச் சத்தம் மெலிந்து மேலே ஏறுமே, உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய நடக்கிற அதே விஷயம்தான் வாய்க்குள்ளும்.

அதனால் சுருதியை மட்டும் ஏற்றினால் பையன் குரல் வராது, கீச்சுக் குரலில் பேசும் பெரியவர் குரல்தான் வரும். குழாயையே குட்டையாக்க வேண்டும். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஒன்று மேலே ஏறி இறங்குகிறது இல்லையா, அதுதான் குரல்வளை. அதை மேலேயே நிறுத்தி, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பேசிப் பாருங்கள். அரக்கனுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், குரல்வளையை இறக்கி உதட்டைக் குவித்தால் குழாய் நீளும். உறுமலுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், அசல் மடிப்புகளுக்கு மேலே இருக்கும் இன்னொரு ஜோடி மடிப்பையும் சேர்த்து அதிரவிடுகிறார்கள். நொடிக்கு 300 அதிர்வு என்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். மடிப்புகள் அத்தனை முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. உடம்பு உழைப்பு என்றால் இதுவும் உடம்பு உழைப்புதான்.

பையன்களுக்குப் பெண்கள் பேசுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்கக் கார்ட்டூனில் வரும் பார்ட் சிம்ப்சன் என்ற பத்து வயதுப் பையனுக்கு 1987இலிருந்து நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி பேசினார். ஜப்பானில் 'டிராகன் பால்' கார்ட்டூனின் நாயகன் கோகுவுக்கு 1986இலிருந்து மசாகோ நொசாவா என்ற பெண்மணி. நிஜப் பையனை வைத்தால் நாலைந்து வருடத்தில் குரல் உடைந்துவிடும்.

சரி, இப்போது வாய்க்கு வருவோம். அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டுத்தான் வாயை வரைகிறார்கள். சென்னைக்கு வரும்போது வாய் ஏற்கெனவே அசைந்து முடிந்திருக்கும், தமிழ்தான் போய் அதில் உட்கார வேண்டும். லூப் லூப்பாக, அதாவது படத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பார்த்துப் பேசுகிறவர்கள் எல்லா எழுத்தையும் பொருத்தப் பார்ப்பதில்லை, உதடு மூடும் இடத்தில் ப, ம வந்தால் பாதி வேலை முடிந்தது. இதழ் இரண்டும் சேர்ந்து பிறப்பவை பகாரமும் மகாரமும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது, டப்பிங் தியேட்டரில் இன்றைக்கும் அதுதான் சட்டம். மற்ற எழுத்துகள் வாய்க்குள்ளே பிறப்பதால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. நேரத்திலும் மூளை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. படத்துக்கு முன்னால் ஓசை வந்தால் சுமார் 45 மில்லி நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவோம், பின்னால் வந்தால் 125 வரை தெரிவதில்லை. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி நமக்குத் தாமதமாகக் கேட்டுப் பழகிய காது இது.

கண்ணும் காதும் மோதினால் என்ன ஆகும்? 1976இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் செய்த சோதனையில், உதடு மூடிப் பிறக்கும் 'பா'வை ('பாலம்' என்பதில் வருவது இல்லை, 'பாபு'வில் வருவது) ஒலிக்கவிட்டு, 'கா' ('காந்தி'யில் வருவது) சொல்லும் வாயைக் காட்டினார்கள். பலருக்குக் கேட்டது 'டா' ('வாடா'வில் வருவது). இரண்டுமே இல்லாத ஒன்றை மூளை சமைத்துக்கொண்டது. இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு: டிவியின் ஸ்பீக்கர் அடியிலோ பின்பக்கத்திலோ இருக்கும், ஆனால் குரல் அந்தப் பொம்மையின் வாயிலிருந்து வருவதாகவே நமக்குத் தோன்றும். ஓசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கண் சொல்கிற பதிலைத்தான் மூளை பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது.

என் மகள் பின்னால் தேடியது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவளைப் பொறுத்தவரை அந்தக் குரலுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது, வரைந்த முகம். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையே அம்மாவின் குரலைப் பிரித்தறிகிறது என்று 1980இலேயே காட்டிவிட்டார்கள், அதனால் காதின் மேல் குறை இல்லை. டப்பிங் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவுக்குப் பேசியவர் மறைந்துபோகிறார். மோசமாகப் பேசியிருந்தால்தான் "யாருப்பா இது" என்று கேட்டிருப்போம்! 2019இல் லயன் கிங் தமிழில் வந்தபோது அரவிந்த்சாமியையும் ரோபோ சங்கரையும் நாம் உடனே பிடித்தோம் என்றால், அவர்கள் முகம் நமக்கு முன்பே தெரியும், விளம்பரத்திலும் பெயர் வந்தது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிடக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது கடினம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆக, பெயர் தானாகத் தெரியவராது, யாராவது எழுதிப் போட்டால்தான் உண்டு. 1937இல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில், ஸ்னோ ஒயிட்டாகவே பேசிப் பாடிய அட்ரியானா காசலோட்டியின் பெயர் திரையில் இல்லை. பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குப் பேசிய மெல் பிளாங்க் 1940களில் சம்பள உயர்வு கேட்டார், அது கிடைக்கவில்லை, பதிலுக்குப் பெயர் போட்டார்கள், அப்புறம்தான் ஊருக்கே அவரைத் தெரிந்தது. இங்கே தமிழக அரசு சினிமா டப்பிங்குக்கு ஆண், பெண் இருவருக்கும் தனி விருது வைத்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் குழந்தைகள் நாள் முழுக்கக் கேட்பது டிவியும் ஓடிடியும். ஓடிடியில் தமிழ்க் குரல்களின் பெயர் வந்தாலும் கடைசியோ கடைசியில் வரும், அதற்குள் அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

அன்றைக்குக் கடையிலிருந்து வந்ததும் மகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கார்ட்டூன் கேட்கச் சொன்னேன். படம் போய்விட்டால் மூளைக்குக் குரலை ஒட்டவைக்க வாய் கிடையாது. அப்போது மூச்சு எங்கே எடுக்கிறார்கள், 'ழ' எப்படி வருகிறது, வாக்கியத்தின் கடைசியை எப்படி இழுக்கிறார்கள் எல்லாம் மேலே வரும், சுருதியையும் குழாயையும் எவ்வளவு மாற்றினாலும் இந்தப் பழக்கங்களை முழுக்க மறைப்பது கஷ்டம். மூன்றாவது நிமிடத்தில் கண்ணைத் திறக்காமலேயே கத்தினாள்: "அப்பா, பாட்டியும் பூனையும் ஒரே ஆளு!"