கேட்டகரி: வகையா, வகுப்பா, ரகமா?

ஏ.டி.பி.எல். எனப்படும் விமானப் போக்குவரத்து விமானி உரிமத்தை வெளிநாட்டில் மாற்றப் போகிறவர் 'கேட்டகரி' (விமானமா, ஹெலிகாப்டரா என்பது போல), 'கிளாஸ்' (அதற்குள் ஒற்றை எஞ்சினா, பல எஞ்சினா என்பது போல), 'டைப்' (எந்த மாடல்) ஆகிய மூன்றையும் சரியாகக் குறிக்க வேண்டும். தமிழில் மூன்றையுமே 'வகை' என்று எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கேட்டகரி கிரேக்கச் சொல். 'கேட்டகோரியா' என்றால் ஊர் மன்றத்தில் ஒருவர்மீது குற்றம் சாட்டுவது. ஒரு பொருளை 'இது இன்னது' என்று சொல்வதற்கு அரிஸ்டாட்டில் அதை எடுத்தாண்டார். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் இனம் பிரிப்பதையே குறித்தது. நம்முடைய 'வகை' வகு என்ற வினையில் பிறந்தது. 'வகுப்பு'க்கும் அதே வேர். ஆகவே கேட்டகரிக்கு வகை, கிளாஸுக்கு வகுப்பு. டைப்புக்கு 'ரகம்' பொருந்தும். அரபியிலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் அரிசிக் கடையில் பொன்னி ரகம் என்று கேட்டுப் பழகிய வாய்க்கு ஏர்பஸ் ஏ320 ரகம் என்பது உடனே விளங்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுபவரிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கும். வேலை முடிந்து திருவொற்றியூருக்கு பைக்கில் போக அது போதாது. அதே அட்டையில் டூவீலரும் ஏறியிருக்க வேண்டும். வானத்திலும் அப்படித்தான். விமானமும் ஹெலிகாப்டரும் வேறு வேறு வகை. இந்திய உரிமத்தின் தலைப்பிலேயே ஏரோப்ளேனா, ஹெலிகாப்டரா என்பது இருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே பிரிவினை. அங்கே விமான வகைக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 500 மணி பல விமானிகள் இயக்கும் விமானத்தில். ஹெலிகாப்டர் வகைக்கு 1,000 மணி. ஹெலிகாப்டர் உரிமம் உள்ளவர் விமான வகைக்கு விண்ணப்பித்தால், கேட்கப்படும் மணிகளில் பாதி வரைதான் ஹெலிகாப்டர் மணிகள் கணக்கில் சேரும்.

அமெரிக்காவில்தான் கால் இடறும். அங்கே ஹெலிகாப்டர் ஒரு வகுப்பு; அதன் வகை ரோட்டர்கிராஃப்ட், அதாவது சுழலும் இறக்கையால் பறப்பவை. இறக்கை காற்றால் தானே சுழலும் கைரோப்ளேனும் அதே வகைக்குள் வரும் இன்னொரு வகுப்பு. இந்திய உரிமத்தைப் பார்த்து விண்ணப்பத்தின் வகைக் கட்டத்தில் ஹெலிகாப்டர் என்று எழுதினால் தவறு. இன்னொரு பொறி 'டிரான்ஸ்போர்ட் கேட்டகரி'. அது விமானத்துக்கே தரும் சான்றின் வகை. விமானியின் உரிமத்தில் இருக்கும் 'டிரான்ஸ்போர்ட்' என்ற சொல்லோடு அதைச் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று: அங்கே இந்திய ஏ.டி.பி.எல்.லை அப்படியே மாற்றித் தருவதில்லை. அதை வைத்து பிரைவேட் பைலட் சான்றிதழ் மட்டுமே கிடைக்கும். ஏ.டி.பி.எல்.லுக்கு நிகரான அமெரிக்க ஏ.டி.பி. சான்றிதழ் வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வும் பறக்கும் தேர்வும் உண்டு. விமான வகையில் பல எஞ்சின் வகுப்பைத் தேர்ந்தால், எழுத்துத் தேர்வுக்கு முன்பே 30 மணி வகுப்பறைப் பாடமும் 10 மணி சிமுலேட்டரும் முடிக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் வகுப்புக்கு அது கிடையாது. செலவு மிச்சம் என்று அதை எடுத்தால் ஏர்லைன் வேலைக்கு உதவாது.

பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கில் மொத்த மணியை மட்டும் கூட்டி வைத்திருப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார். விண்ணப்பத்துக்கு முன் வகை, வகுப்பு, ரகம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கூட்டும் அடுத்த பக்கத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.