காற்றை விரட்டினால்தான் வெப்பக்குழாய்

கணினி பிராசஸரின் குளிர்விப்பானில் பளபளக்கும் செம்புக் குழாய்களைப் பலர் கெட்டியான கம்பிகள் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றுக்குள் ஒன்றிரண்டு கிராம் தண்ணீரும் அதன் ஆவியும் இருக்கின்றன, காற்று கிடையாது. இவைதான் வெப்பக்குழாய்கள். இவற்றை வீட்டிலேயே செய்ய முடியும். அந்தக் காற்றை வெளியேற்றுவதில்தான் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

காற்றில்லாத குழாயில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை. 40 டிகிரியிலேயே பிராசஸர் பக்கத்து முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே மறுபடி நீராகி, சுமந்துவந்த வெப்பத்தைத் தகடுகளிடம் இறக்கிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 ஜூல் போதும். ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். அதனால் 100 வாட் வெப்பத்தைக் கடத்த நிமிடத்துக்கு இரண்டரை கிராம் ஆவியானால் போதுமானது. இருக்கிற கொஞ்சம் தண்ணீரே ஓயாமல் சுற்றிவரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உட்சுவரை ஒட்டிய நுண்வலை அதைச் சூடான முனைக்கு இழுத்துவரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய வெப்பக்குழாயின் அடிப்படையும் இதுதான்.

ஏசி வேலைக்கு வாங்கும் கால் அங்குலச் செம்புக்குழாய் போதும். மெல்லிய செம்பு வலையைச் சுருட்டி உள்ளே செருகி, ஒரு முனையை நசுக்கிப் பற்றவையுங்கள். பிராசஸர்மேல் உட்காரும் அடிக்கட்டையையும், வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் தகடுகளையும் இப்போதே பற்றவைத்துவிட வேண்டும். தண்ணீர் அடைத்து மூடிய குழாய் 200 டிகிரியைத் தொட்டால் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 15 மடங்காகிவிடும். 300 டிகிரியில் 80 மடங்கைத் தாண்டும். மூடிய குழாயின் உடலில் சுடரைக் காட்டுவது வெடிகுண்டைச் சூடாக்குவதற்குச் சமம்.

பிறகு காய்ச்சி வடித்த நீரைத் தேவைக்குச் சற்று அதிகமாக ஊற்றி, திறந்த முனை மேலே இருக்க, அடியைச் சூடாக்குங்கள். முதலில் காற்றும் ஆவியும் கலந்து விட்டுவிட்டுத் துப்பும். சிறிது நேரத்தில் ஆவி ஒரே சீராகச் சீறும். அந்தச் சீறலின் நடுவில் சுடரை விலக்கி, அதே நொடியில் குறடால் வாயை இறுக நசுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். நசுக்கிய முனையை மடித்து, குழாயை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு, நுனியை மட்டும் ஈயப்பற்றால் அடையுங்கள். ஆறியபின் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான்.

அடிமுனையை வெந்நீரில் முக்கிப் பாருங்கள். சில நொடிகளில் மேல்முனையைத் தொட முடியாதபடி சுட்டால் வெற்றி. மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் குளிர்ந்தே கிடந்தால், ஆவி தள்ளிக்கொண்டுபோன காற்று அங்கே தேங்கியிருக்கிறது. வாயை வெட்டிவிட்டு மறுபடி கொதிக்கவைக்க வேண்டியதுதான்.

குழாய்க்கு அலுமினியம் வேண்டாம். தண்ணீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அதுவும் காற்றைப்போலவே முனையை அடைத்துக்கொள்ளும். கையால் செருகிய வலைக்குத் தொழிற்சாலையில் இறுக்கிய செம்புத்தூள் படலத்தின் இழுவிசை கிடையாது. எனவே தகடுகள் எப்போதும் பிராசஸருக்கு மேலே இருக்கும்படி குழாயை வளைத்துப் பொருத்துங்கள்; நீர் இறங்கிவரப் புவியீர்ப்பும் கைகொடுக்கும்.