மீட்டர் வைத்தால் ஒளிந்துகொள்ளும் பேட்டரி கசிவு

"பேட்டரி மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது." கார் எலக்ட்ரிக்கல் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. தினமும் பேட்டரி இறங்கினால் பெரிய சிரமமில்லை, ஒரு மணி நேரத்தில் காரணத்தைப் பிடித்துவிடலாம். ஐந்து நாள் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிட்டு, ஆறாம் நாள் காலையில் மட்டும் டிக் டிக் என்று அடங்கிப்போகும் பழைய கார்தான் பொறுமையைச் சோதிக்கும்.

கசிவை, அதாவது வண்டி நிற்கும்போது தேவையில்லாமல் ஓடும் கரண்டைத் தேடுவதற்கு முன் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. வண்டியோடு தொடர்பே இல்லாமல் 12.2-க்கு இறங்கியிருந்தால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் பேட்டரி முழுதாக நிரம்புவதே இல்லை. அங்கே கசிவைத் தேடுவது வீண்வேலை.

கார் பூட்டி நிற்கும்போதும் கொஞ்சம் கரண்ட் போகத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், ஸ்டீரியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் என்றால் கவலை இல்லை. ஆனால் டிக்கியில் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், நாளொன்றுக்கு 10 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணிநேரத்தால் பெருக்கிய கணக்கு). 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் இரண்டு நாளில் கிட்டத்தட்டப் பாதி காலி.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். வழக்கமாகச் செய்வது இதுதான்: நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை இணைத்து, ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. நிரந்தரக் கசிவுக்கு இது போதும். வந்து வந்து போகும் கசிவுக்கு இதைவிட மோசமான வழி கிடையாது. கேபிளைக் கழற்றிய நொடியில் தூங்காமல் விழித்திருந்த கண்ட்ரோல் யூனிட் (காருக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர்) ரீசெட் ஆகிவிடும். ஃப்யூஸைப் பிடுங்கும் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) விடுபட்டுவிடும். மீட்டரில் 30 மில்லி ஆம்பியர் காட்டும், "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்று வண்டியைக் கொடுத்து அனுப்புவோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன், அதே வண்டி அடுத்த வாரம் திரும்பி வந்தும் இருக்கிறது.

அந்தக் காருக்கு வயது பதினைந்துக்கு மேல். உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். இரண்டாம் முறை வந்தபோது நான் எதையும் கழற்றவில்லை. மில்லி ஆம்பியர் வரை காட்டும் டிசி கிளாம்ப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினேன். (ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது.) கண்ட்ரோல் யூனிட்கள் தூங்கப் பத்து நிமிடமும் ஆகலாம், சில கார்களில் ஒரு மணி நேரமும் ஆகலாம், அதுவரை கதவைத் தொடக்கூடாது. நான்கு மாலை ஓட்டிவந்து நிறுத்திப் பார்த்தேன், நான்கு நாளும் 30 மில்லி ஆம்பியர்தான். ஐந்தாம் நாள் ஒரு மணி நேரம் கழித்தும் 1.8 ஆம்பியரிலேயே நின்றது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 21 ஆம்பியர் அவருக்கு மேல்!

அப்போதும் ஃப்யூஸைப் பிடுங்கவில்லை. ஃப்யூஸ் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டால் போதும். கரண்ட் ஓடாத ஃப்யூஸில் பூஜ்யம் காட்டும். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸில் ஒரு ஆம்பியர் ஓடினால் ஏழெட்டு மில்லிவோல்ட் காட்டும். இரண்டு ஃப்யூஸில் மட்டும் எண் ஏறியது. இரண்டுமே எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் மெயின் ரிலேக்குப் பின்னால் இருப்பவை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயை லேசாகத் தட்டினேன், கிளாம்ப் மீட்டர் 30 மில்லி ஆம்பியருக்கு விழுந்தது. ரிலேயைப் பிரித்துப் பார்த்தால் காண்டாக்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. சாவியை அணைத்தாலும் சில நாள் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

வேறு சந்தேகங்களும் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில், கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு கசிந்தால் ஃப்யூஸ் பெட்டியில் பெரும்பாலும் தடயமே கிடைக்காது. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதைப் பாருங்கள். டிக்கி விளக்கும் டேஷ்போர்டு பெட்டி விளக்கும் மூடிய பிறகு அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் போதும், டிக்கிக்குள் யாரும் படுக்க வேண்டாம். தேய்ந்த கதவு சுவிட்ச், பின்னால் யாரோ இழுத்துப் பொருத்திய ஸ்டீரியோ, டேஷ்கேம், டிராக்கர் எல்லாம் வழக்கமான ஆட்கள்தான். பழைய காரில் நான் முதலில் பார்ப்பதே டேப் சுற்றிய ஒயர்களைத்தான்.

நீங்களே அளப்பதானால் ஒரு விஷயம். மல்டிமீட்டரை நடுவில் இணைத்த நிலையில் செல்ஃப் அடிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது. ஏர்பேக் ஒயர்களில் முனையைக் குத்தவே கூடாது.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த நாள் இறங்கியது, முந்தின இரவு மழையா, ஏசி ஓடியதா, டிக்கியைத் திறந்தீர்களா, கடைசியாக எந்தக் கதவை மூடினீர்கள். மேலே சொன்ன கார்க்காரர் எழுதியதில், நீண்ட தூரம் ஓட்டிவந்த இரவுகளில்தான் பேட்டரி இறங்கியிருந்தது. ரிலே சூடேறியபோதுதான் ஒட்டியிருக்கிறது. அந்தக் குறிப்பை முதல் முறையே கேட்டு வாங்கியிருந்தால், மறுநாளே தொலைவாக ஓட்டிவந்து மீட்டர் மாட்டியிருப்பேன்.